ஏழாம் வார்டுப் பூங்காவின் பாதிச் சீசாப் பலகை

நகராட்சி வாங்கிக் கொடுத்தது பாதிச் சீசாப் பலகைதான். மறுபாதி இல்லாமலே, மாட்டிய அன்று மாலையிலிருந்து அது ஒழுங்காக ஏறி இறங்கியது.

விவரம் இதுதான். ஏழாம் வார்டு உறுப்பினரான அம்மாள் மூன்று வருடம் தொண்டை வறளக் கேட்டதன்பேரில், பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் பலகை ஒன்றைப் பூங்காவுக்கு வாங்க மன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மன்றத்தில் எதையும் முழுசாகக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. நிதிக் குழு எந்தக் கோரிக்கையையும் இரண்டாகப் பிளந்து, இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் பாதி என்று எழுதிவிடும். பாதி நடைபாதை, பாதிச் சுற்றுச்சுவர், பாதிக் கழிப்பறை எல்லாம் ஊர் பார்த்தவைதான். ஒப்பந்தக்காரரோ காகிதத்தில் இல்லாத ஓர் ஆணியைக்கூடக் கூட்டி அடிக்காதவர். நடுத்தூணை நட்டு, அச்சில் கிரீஸ் தடவி, ஒரு பக்கத்துக் குழாயையும் இருக்கையையும் மட்டும் மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்ப்பக்கம் வெறும் காற்று. நியாயப்படி இருக்கை தரையில் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. ஆள் இல்லாதபோது நேர்மட்டமாக நின்றது. யார் உட்கார்ந்து காலால் உந்தினாலும் மேலே போய், ஒரு மூச்சு நின்று, கீழே வந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. பழிப்புக் காட்ட எதிரே ஒரு முகம் இல்லாமல் என்ன ஆட்டம் என்று ஊஞ்சலுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பாதவள் ஒருத்திதான், எடைமேடைக்காரரின் மகள். பத்து வயது, வயதை மீறிய உடம்பு. அப்பா மார்க்கெட் வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவர் என்பதால் வகுப்பில் அவளுக்கு லோடு என்று பெயர். "லோடு வருது, ஓரம் கட்டுங்க" என்பார்கள். முந்தைய வருடம் பள்ளிக்கூடத்துச் சீசாப் பலகையில் அவளைத் தூக்குவதற்கென்று மூன்று பேர் சேர்ந்து எதிரே உட்கார்ந்து, அவள் உச்சிக்குப் போனதும் மூன்று பேரும் ஒன்றாகக் குதித்துவிட்டார்கள். முதுகெலும்பின் அடிநுனியில் விரிசல் என்று எக்ஸ்ரேயில் வந்தது. ஆறு வாரம் குப்புறப் படுத்தே வீட்டுப்பாடம் எழுதினாள். அதன்பின் யாரோடும் எதிலும் ஏறவில்லை, வீட்டில்கூட அதிகம் பேசவில்லை. பாதிப் பலகை வந்த பத்தாம் நாள், சாப்பாட்டுக்கு நடுவில் அவள் தானாகவே ஏதோ கதை சொல்லத் தொடங்கியதை அம்மாதான் முதலில் கவனித்தாள். கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

அடுத்த வருட நிதித் திட்டத்தில் மறுபாதி இடம்பெற்றது. செய்தி தெரிந்த அன்று மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலை எடைமேடைக்காரர் எடைமேடையைப் பூட்டிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மனுப் படிவம் வாங்கினார்.

"வேணும்னு எழுதத்தான் சார் இதுல கட்டம் இருக்கு. வேணாம்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் குமாஸ்தா.

"ஓரத்துல எழுதிக்கறேன்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

உறுப்பினர் அம்மாள் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். "மூணு வருஷம் கத்தி வாங்கினது அண்ணே. பாதிப் பலகைன்னே எனக்குப் பேர் வெச்சிட்டாங்க. முழுசா வர்ற நேரத்துல நீங்க வேணாங்கறீங்க?"

"எனக்கில்லம்மா. பொண்ணுக்கு."

அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "எதிர்ல ஒரு ஆள் உக்காந்தா நல்லதுதானே கண்ணு?"

"உக்காருவாங்க அத்தை. அப்புறம் குதிச்சிருவாங்க. இது குதிக்காது."

வீட்டில் கொடுத்த டீயைக் குடிக்காமலே அம்மாள் எழுந்து போனார்.

மன்றம் பொறியாளரை அனுப்பியது. எண்பத்திரண்டு கிலோ எடையுள்ள அவர், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மேலே போனார். இறங்கி வந்து எழுதிய அறிக்கை மூன்று வரி: மறுபக்கம் உள்ளது. தாங்குகிறது. கண்ணுக்குப் புலப்படவில்லை. தலைவர் அதை வாசித்துவிட்டு, இருப்பதை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டார். சிக்கல் அங்கேதான் வந்தது. நகராட்சி வாங்காத ஒன்று நகராட்சி நிலத்தில் நின்றால் அது ஆக்கிரமிப்பு, அகற்றியே தீரவேண்டும் என்று ஐந்தாம் வார்டு உறுப்பினர் விதியைக் காட்டினார். பார்வையாளர் வரிசையில் எடைமேடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

ஏழாம் வார்டு அம்மாள் எழுந்தார். "ஆக்கிரமிப்பு இல்லைங்க. நன்கொடை. கொடுத்தவங்க பேர் சொல்ல விரும்பல. விதியில அதுக்கும் இடம் இருக்கு, அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்க."

தலைவர் திருப்பிப் பார்த்தார். இருந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறி, ஒதுக்கிய தொகை ஒரு குடிநீர்த் தொட்டியின் முதல் பாதிக்குப் போனது. தூணில் சிறிய தகடு ஒன்றைப் பதித்தார்கள்: மறுபாதி, பெயர் தெரிவிக்க விரும்பாதவரின் நன்கொடை.

லோடு என்ற பெயர் எந்த வருடம் கழன்று விழுந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பூங்காவின் குறுக்கே போகிறவர்கள் அந்த இடத்தில் நாலடி சுற்றிப் போகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பெயிண்டர் முழு நீளத்துக்கும் அடித்து முழு நீளத்துக்கும் பில் கொடுக்கிறார். பொறியாளர் எதிர்ப்பக்கம் போய்க் கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, விரலில் பச்சை ஒட்டியதும் கையெழுத்துப் போடுகிறார். எடைமேடைக்காரரின் மகளுக்கு இருபத்தாறு வயதாகிறது. வேலை விட்டு வரும் வழியில் கைப்பையைத் தூணில் மாட்டிவிட்டு அரைமணி நேரம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். பெயிண்ட் அடித்த அன்று மட்டும் ஏறுவதில்லை. தன் பக்கம் காய்ந்துவிட்டாலும், எதிரே உட்காருகிறவரின் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்கிறாள்.