இரண்டு பங்கு உரம்

மூன்றாவது முறையாகக் கத்தரிச் செடிகள் வாடியபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. தையல் ஆலையில் விடிகாலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் வீட்டு வேலை வரிசைகட்டி நிற்கும். கடைசியாகப் பின்பக்கம் இருக்கும் கட்டில் அகல மண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தோட்டம் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றவர் அவள் கணவர். பேருந்து ஓட்டுநர். அவள் வருவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார், அவள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பது. ஆசை அவருக்கு, பாடு இவளுக்கு.

அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்று வீட்டுச் சொந்தக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். சரியென்று சொல்லித் தலைமுழுகிவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். தோட்டத்தோடு, அவர்மேல் மிச்சமிருந்த எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான். இருந்தாலும் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதே என்று ஒரு பை மண்ணை அள்ளி, பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை போனபோது அங்கிருந்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு இவளையும் ஒரு மாதிரி பார்த்தாள். மண்ணில் சத்துக்குக் குறைவில்லை, உரம் அளவுக்கு மீறி மண்ணே உப்பேறிவிட்டது, தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சுவிட இடமில்லை என்றாள். வாரத்துக்கு ஒரு ஸ்பூன் உரம், நாளுக்கு ஒரு தடவை தண்ணீர், அதற்குமேல் ஒரு சொட்டுகூட இல்லையென்று இவள் சாதித்தாள்.

“அப்ப உங்களைத் தவிர வேற யாரோ போடறாங்க. வீட்ல கேட்டுப் பாருங்க.”

ஞாயிறு காலை அவர் முகம் துடைப்பதற்குள் கேட்டுவிட்டாள். தினமும் கிளம்பும்முன் தண்ணீர் ஊற்றுவது தான்தான் என்றார் அவர். வெள்ளிக்கிழமைகளில் உரமும் போடுகிறாராம். அவருடைய உர மூட்டை பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. இவளுடையது சமையலறையில். மண் ஏற்கெனவே ஈரமா என்று குனிந்து பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை. ஊற்றினால் ஒரு வேலை தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள்.

“நீயே செத்துச் சுண்ணாம்பாகி வர்றே. இதை வேற உன் தலையில எதுக்குக் கட்டணும்னுதான்,” என்றார். பிறகு தயங்கி, “வீட்டையும் துடைச்சிட்டுத்தானே கெளம்பறேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்,” என்றார்.

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தரையைத்தான் அவள் மூன்று வருடமாக, இடுப்பு ஒடிய, தினமும் சாயங்காலம் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“எனக்கு முடியலைங்க,” என்றாள். இத்தனை வருடத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

“எனக்கும்தான்,” என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். சிமெண்ட் வேண்டாம் என்று அவளே சொன்னாள். கொஞ்சம் மணலும் காய்ந்த இலையும் கலந்துவிட்டு, இரண்டு மாதம் உரமே போடக் கூடாதாம். தண்ணீர், விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும். பரிசோதனை நிலையத்தில் மண்ணையே சும்மா விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்து, கை தன்பாட்டில் வாளியைத் தேடும்முன் தரையைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அந்தத் தரையிலேயே படுத்துவிட்டாள்.