கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள்

சாரணர் இயக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம், அவர்களுடைய அரைக்கால்சட்டையில் மடிப்பு எங்கே விழவேண்டும் என்பதுதான். அம்மா இஸ்திரி போடுகிறவள். பள்ளிக்கூடத்துக் காக்கிச் சீருடைகள் வெள்ளிக்கிழமை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும், மறுநாள் விறைப்பாகத் திரும்பிப் போகும். அவற்றோடு நான் போனதில்லை. சீருடை வாங்க வக்கில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கயிற்றில் முடிச்சுப் போடத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

அப்படிப்பட்ட என்னை, இயக்கத்தின் தேசியத் தலைமையகம் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு வரலாறு எழுத வேலைக்கு எடுத்தது. வரலாற்றில் முதுகலை. எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். இந்த இரண்டாவது தகவலை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். ஒரு தடவை பேருந்து நடத்துனரிடம் சொன்னேன். சில்லறை இருக்கிறதா என்று மட்டுந்தான் அவர் கேட்டிருந்தார்.

"உள்ள போய் அவங்க வண்டவாளத்த எல்லாம் தண்டவாளத்துல ஏத்தப் போறேன்" என்று அம்மாவிடம் அறிவித்தேன்.

"ஏத்து, ஏத்து. மொதல்ல அந்த வாளிய மாடிக்கு ஏத்து" என்றாள்.

கண்காட்சிக் கூடம் தரைத்தளத்தில் இருந்தது. கண்ணாடி அலமாரிகளில் பேட்ஜுகள், மூலையில் சுருட்டிய கூடாரங்கள், எங்கு பார்த்தாலும் வார்னிஷ் வாசனை. முதல் பலகைகளை ஒழுங்காகவே எழுதினேன். ஒரு பள்ளி ஆசிரியர் சில பையன்களைச் சேர்த்துத் தொடங்கியது. ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அணி, அணிக்கு ஒரு மிருகத்தின் அல்லது பறவையின் பெயர், பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர். அணிகள் சேர்ந்தால் படை, படைகள் சேர்ந்தால் மாவட்டம். அப்புறம் ஆணையருக்கு மேல் ஆணையர், அவருக்கு மேல் இன்னொரு ஆணையர், எல்லாருக்கும் மேலே ஒரு மின்விசிறி.

அப்போதுதான் அந்தப் புகைப்படம் கிடைத்தது. முதல் தேசியப் பேரணி. மைதானம் முழுக்கப் பையன்கள். பின்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு வரிசைப் பெண்கள். தலையில் அண்ணன் தம்பிகளின் தொப்பி, கையில் துடைப்பத்திலிருந்து உருவிய கழி. பழைய இதழ்களைப் புரட்டியதில் விவரம் தெரிந்தது. அழைப்பில்லாமல் வந்திருக்கிறார்கள். தலைவர்கள் அவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, பையன்கள் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். சாரணியர் பிரிவு தொடங்கியது பல வருடம் கழித்து. அதையும் "தலைவர்களின் பெருந்தன்மையால்" என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு முழுப் பலகைக்கு எழுதினேன். 'வரலாற்றுத் துரோகம்' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. எழுந்து நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன். யாரோடு சண்டை என்று காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தலைமை ஆணையர் வங்கியில் ஓய்வு பெற்றவர், மென்மையாகப் பேசுகிறவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, விழா வீட்டு வாசல்ல எழவுச் சேதிய மாட்டுற மாதிரி இருக்கே."

"உண்மைதானே சார்?"

"உண்மைதான். யாரு இல்லன்னா? ஆனா நீங்களே மூணாவது பலகைல எழுதியிருக்கீங்க, பிள்ளைங்க விஷயத்துல அணித்தலைவர் மன்றந்தான் முடிவெடுக்கணும், எந்த ஆணையரும் அத மதிச்சதில்லைன்னு. சரி, நான் மதிக்கிறேன். மன்றம் சொல்லட்டும்."

விழாவில் சோகத்தை எந்தப் பிள்ளை விரும்பும் என்பது அவர் கணக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் படித்தபோது நுணல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்.

மன்றம் கூடாரங்களுக்கு நடுவே தரையில் கூடியது. தலைமையகத்துப் படையின் ஐந்து அணித்தலைவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அணியின் பெயர்தான். பல்லுக்குக் கம்பி கட்டிய கழுகு என்ற பெண் தலைமை. பெரியவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆலோசகர் என்று ஒருவர் உட்காரலாம், கேட்டால் மட்டும் வாய் திறக்கலாம். அந்த ஆலோசகர் நான்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, இன்னும் கேக்கல" என்றாள் கழுகு.

நரி என்ற பையன் தொடங்கினான். "போட்டோ சூப்பர். எழுத்தப் படிச்சாத்தான் தூக்கம் வருது."

"தூக்கமா? எனக்குத் திட்டு வாங்குற மாதிரி இருந்துச்சு" என்றாள் ஆந்தை. "எங்க கணக்கு மிஸ் மாதிரியே."

யானைக்குப் புகைப்படமே பிடிக்கவில்லை. "விழாவுல எதுக்கு இதெல்லாம்? எங்கப்பா வராரு."

"வரட்டும்டா. அவரப் பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டோம்" என்றாள் கழுகு.

ஆந்தை என் தாளை மறுபடி கையில் எடுத்தாள். "இதுல அந்தப் பொண்ணுங்க ஒரே ஒரு வரியிலதான் வராங்க. மிச்சமெல்லாம் அக்காவோட கோவம்."

இதற்கா பட்டம் வாங்கினேன்?

"அக்கா, இப்ப கேக்கறோம்" என்றாள் கழுகு. "பாத்திரம் கழுவச் சொன்னதும் அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"இல்ல. பேரணி முடியறவரைக்கும் இருந்தாங்க. கழுவி முடிச்சதும் சமையல் கொட்டகைக்குப் பின்னால முடிச்சு பழகியிருக்காங்க. கடைசி நாள் அணிவகுப்புல யாரும் கூப்பிடாமலே பின்னால சேந்து நடந்தாங்க."

"இத ஏன் எழுதல?"

"பலகைல இடம் பத்தல."

"துரோகத்துக்கு ரெண்டு தடவ இடம் இருந்துச்சே" என்றான் நரி. மன்றம் முழுக்கச் சிரித்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை.

யானையும் ஐந்தாவது அணித்தலைவரும் எதிர்க்க, மூன்றுக்கு இரண்டு என்று முடிவானது. புகைப்படம் இருக்கும். என் எழுத்து போகும். அவர்களே எழுதினார்கள்:

'இவர்களை யாரும் அழைக்கவில்லை. வந்தார்கள். பாத்திரம் கழுவச் சொன்னார்கள். கழுவிவிட்டு முடிச்சு பழகினார்கள். கடைசி நாள் எல்லாரோடும் நடந்தார்கள். கயிற்றைக் கட்டியவர்கள் நம் தலைவர்கள்.'

ஆணையர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் கடைசி வரி அவர் தொண்டையில் முள்ளாக நின்றது, பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

"எவ்வளவு உழைச்சு எழுதினீங்க! ஒரு வரியக்கூட விட்டு வைக்கல பாருங்க. சின்னப் பசங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க படிச்ச பிள்ளை."

படித்த பிள்ளை. வாழ்நாள் முழுக்க யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிய வார்த்தை. இப்படியொரு வாயிலிருந்தா வரவேண்டும்!

"ஆலோசகருக்கு ஆட்சேபம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விதிப்படி தீர்மானம் நிக்காது. விழா முடியட்டும், அப்புறம் நிதானமா உங்க எழுத்தையே வச்சுக்கலாம்."

விழா முடிந்தபின் அந்தப் பலகை எந்தப் பரணுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்தேன். என்னுடைய துரோகங்கள் இரண்டும் எவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்திருந்தன! பிள்ளைகள் எழுதியதில் ஓர் அடைமொழிகூட இல்லை. மொட்டை மொட்டையாக இருந்தது. மனதுக்குள் திரும்பப் படித்துப் பார்த்தேன். எங்கே கை வைத்தாலும் கெட்டுப்போகும் போலிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஆட்சேபம் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன் சார். சீக்கிரம் தீர்மானத்துல கையெழுத்துப் போடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போட்டார். மன்றத்தை மதிக்கிறேன் என்று அவரும் வாய்விட்டிருந்தாரே. நுணல் நான் மட்டுமில்லை.

கூடத்தில் ஆந்தை ஏணிமேல் சுத்தியலோடு நின்றாள். கீழே நின்று பலகையைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். பிடித்தேன். நல்ல கனம். பத்தடி தள்ளி நின்ற கழுகு, தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. உங்க தலை எழுத்த மறைக்குது."

நகர்ந்தேன்.