மேல்வீட்டுப் பியூஸ்

பியூஸ் என்றால் என்ன? கரண்ட் கூடினால் தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுகிற சாமான். அதற்குப் பாட்டும் தெரியாது, பாடுகிறவர் யாரென்றும் தெரியாது. சந்திரமதிக்கு இது விளங்கியது. அவளுடைய புருஷன் குலேந்திரனுக்குத்தான் விளங்கவில்லை. சுவிஸில், எம்மன்புரூக்கேத் தொழிற்சாலையில் இத்தனை காலம் மெஷினோடு மாரடிக்கிற மனுஷன், இணையத்தில் எவனோ அளந்துவிட்டதை அப்படியே நம்பி, தங்கமுலாம் பூசிய பியூஸ் ஒன்றை வரவழைத்தான். அதைப் போட்டால் ஸ்டீரியோவில் சத்தம் துலங்குமாம்! சந்திரமதியின் பாட்டு வகுப்புக்கு நல்ல சுருதிப்பெட்டி வாங்கவென்று வைத்திருந்த காசு அதோடு போயிற்று.

அவர்கள் இருந்தது பழைய கட்டடம். எல்லா வீட்டுப் பியூஸ்களும் கீழே நிலவறைப் படியடியில் ஒரே தகரப் பெட்டிக்குள் இருந்தன. போத்தல் மூடி மாதிரித் திருகிக் கழற்றுகிற பீங்கான் பியூஸ்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்டீரியோவை நிறுத்திவிட்டு டோர்ச்சோடு இறங்கிய குலேந்திரன், பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகிவிட்டு, பூசை முடித்த ஐயர் மாதிரி மேலே வந்தான்.

பின்னேரம் நாலைந்து குடும்பத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"அண்ணை, தவிலடி நெஞ்சிலயெல்லோ விழுது!" என்றான் இரவீந்திரன்.

"ஓம் ஓம், முந்தி இப்பிடி இல்லை" என்றாள் அவனுடைய மனைவி இந்திரா.

வடைத்தட்டோடு வந்த சந்திரமதிதான் உள்ளதைச் சொன்னாள். "எனக்கெண்டா முந்தி மாதிரித்தான் கேக்குது."

குலேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உமக்குக் காது போயிட்டுது! இந்தக் காதை வைச்சுக்கொண்டு என்னெண்டுதான் பிள்ளையளுக்குச் சுருதி காட்டுறீரோ!"

எல்லோரும் சிரித்தார்கள். தட்டைப் பிடித்தபடி அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் பிறத்தியாரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள் அவள். சனிக்கிழமை மட்டும் தேவாலய மண்டபத்து அறையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அங்கேதான் அவள் ரீச்சர். அதிலேதான் மண் விழுந்தது. முதலில் இந்திராவின் மகள் ஹரிஷாவுக்குச் சனிக்கிழமையில் நீச்சல் வகுப்பு வந்தது. அடுத்த கிழமை இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ஏதேதோ வந்தது. "ரீச்சருக்குக் காது மட்டாம், புருஷனே சொன்னவர்" என்று கோயில் மடைப்பள்ளியில் கதைத்தது அவளுக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் மதுஜா என்ற பிள்ளை மட்டும் வந்தாள். ஒரு பிள்ளைக்கு அறை தர முடியாது, மாத முடிவோடு வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமை, அவளுக்கே தன் காதில் சந்தேகம் வந்ததுதான். சுருதி சேர்த்துவிட்டு, "சரியாக் கிடக்கோ பிள்ளை?" என்று மதுஜாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வுநாள். உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்கினால், கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். மேல்வீட்டு அம்ரைன் அம்மாவுக்குக் கரண்ட் இல்லையாம்.

"இது யாருடைய வேலை?" என்று எரிந்துபோன தங்கப் பியூஸைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கட. எங்கட வீட்டுக்குப் போட்டது."

"உங்கள் வீட்டுக்கா? இது மேல்வீட்டு இடம். உங்களுடையது அதோ இருக்கிறது."

பக்கத்தில், தூசி படிந்தபடி, அவர்களுடைய பழைய பியூஸ் அப்படியே இருந்தது. ஒருவரும் அதைத் தொட்டதேயில்லை. இவ்வளவு நாளும் தங்கப் பியூஸ் அம்ரைன் அம்மாவின் கேக் அடுப்பைத்தான் காவல் காத்திருக்கிறது. ஏ கடவுளே! சந்திரமதிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றியெரிந்தது.

வேலையால் வந்தவன் சப்பாத்தைக் கழற்ற முதலே, எரிந்த பியூஸைச் சமையலறை மேசையில் அவன் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னாள். குலேந்திரன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இஞ்சேரும், இதை ஆருக்கும் சொல்லிப்போடாதையும். மானம் போயிடும்."

"என்ர மானம் போகேக்க உங்களுக்குக் கேக்கேல்லையோ? தவிலடி கேட்ட காதுக்கு அது மட்டும் கேக்கேல்லையோ?"

"சரி, பிழைதான். மன்னிச்சுக்கொள்ளும். விடும்."

"குசினிக்குள்ள கேக்கிற மன்னிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ! சபையில சொன்னனீங்கள். சபைக்கே சொல்லுங்கோ."

இந்திராவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவன் வாயடியில் பிடித்தாள். குலேந்திரன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். பியூஸ் மாறிப் போச்சு, இவ சொன்னதுதான் சரி, இவவின்ர காதில ஒரு பிழையும் இல்லை.

அந்தப் பக்கம் இந்திரா சிரித்தாள். "ஐயோ அண்ணை, அதுக்கென்ன! எங்களுக்கும் அண்டைக்கு ஒரு வித்தியாசமும் கேக்கேல்லைத்தானே. நீங்கள் ஆசையா வாங்கினனீங்கள், ஏன் மனம் நோகப் பண்ணுவான் எண்டு எல்லாரும் ஓம் போட்டனாங்கள்."

சந்திரமதிக்குத் தன் கோபம் முழுவதும் அவனோடு தீர்ந்துவிட்டதென்ற நினைப்பு. இல்லை, இப்போதுதான் அது தொடங்கியது.

"இந்திரா, நான் சந்திரமதி. உமக்கும் கேக்கேல்லை. உம்மட மனுசனுக்கும் கேக்கேல்லை. கேக்கேல்லை எண்டு வாய் திறந்து சொன்னவள் நான் ஒருத்தி. என்னட்டையிருந்து பிள்ளையை ஏன் மறிச்சனீர்?"

"அது… ரீச்சர்… எல்லாரும் கதைச்சவை…"

"கதைச்ச எல்லாருக்கும் இப்ப நீரே எடுத்துச் சொல்லும், உம்மட வாயால. வாற சனிக்கிழமை பிள்ளையள் வரட்டும். அதுகளில எனக்குக் கோவமில்லை. நீங்கள் பெரியாக்கள் வாசலோட நில்லுங்கோ. கேட்டதைக் கேட்டதெண்டும் கேக்காததைக் கேக்கேல்லையெண்டும் சொல்லப் பழகினாப் பிறகு உள்ளுக்கு வரலாம்."