இடது கைக்கு முப்பத்தெட்டு

வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் மனிதன் எதோடுதான் பேச மாட்டான்? கண்ணாடிக்காரர் மீனோடு பேசினார். அதுவும் டிவிக்குள் நீந்துகிற மீனோடு. "வாடா வா, உங்கண்ணன் இப்பத்தான் கூடைக்குள்ள போனான், நீ மட்டும் எங்க ஓடுறே?" என்பார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைக் காற்றில் நீட்டி இப்படிப் பேசுவதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லையே!

முப்பது வருஷமாக ஒரே கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டுகிறவர் அவர். எள்ளை விடச் சின்ன திருகாணியை வலது கை முடுக்கும். ஃபிரேமின் மூட்டுப் பகுதியை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்வது இடது கையின் இரண்டு விரல்கள். பிடிக்கிற கை சரியில்லை என்றால் முடுக்குகிற கை எவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருந்து என்ன பிரயோஜனம்? அந்த இடது கையைத்தான் பக்கவாதம் வந்து அடித்தது. காலையும் சேர்த்துத்தான் அடித்தது. கால் மூன்று வாரத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது. கை கேட்கவில்லை.

மகள் ஓடி வந்தாள். ஒரே மகள். விமானத்தில் மூன்று மணி நேரத் தூரத்து ஊரில், விமான நிலையத்தில் காணாமல்போன பெட்டிகளைத் தேடிக் கொடுக்கிற அலுவலகத்தில் வேலை. பத்து நாள் லீவு போட்டு வந்தவள், மருத்துவமனையில் கொடுத்த அந்த விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டி, அதன் மேல் சின்னக் கேமராவை வைத்து, எப்படி விளையாட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாள். மீன் வரும். இடது கையை நீட்டி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினால் மீன் மாட்டும். கூடை வரை கொண்டுபோய் விரலைப் பிரித்தால் விழும். ஒரு ஆட்டத்துக்கு அறுபது மீன், நூற்றுக்கு மார்க். மார்க் உடனே இரண்டு பேருடைய போனுக்குப் போய்விடும். மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. நாற்பதுக்குக் கீழே போனால் சிவப்பு எழுத்தில் போகும்.

"சின்ன வயசுல நான் வீடியோ கேம் விளையாடினா வயரைப் பிடுங்கி எறிவீங்களே, இப்ப யாரு விளையாடப்போறாங்க பாத்தீங்களா?" என்று கிளம்பும்போது மகள் கேட்டாள். அவர் சிரித்து வைத்தார். வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அது பழைய கதை. மனைவி இருந்தவரை போன் அவள் கையில்தான். தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இவருக்கு வந்து சேர்வது "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு" என்ற ஒரு வரி. ஆறு வருஷத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மகள் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." அதற்கு மேல் இருவரும் தொண்டையைச் செருமுவார்கள். நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

முதல் நாள் அவருக்கு முப்பத்தொன்று. அடுத்த நாள் இருபத்தொன்பது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "என்னப்பா ஆச்சு? விரல் மடங்கலையா?" என்று ஒவ்வொரு மீனாக விசாரித்தாள். இவர் எந்த மீன் எப்படி நழுவியது என்று கண் காது மூக்கு வைத்துச் சொன்னார். மகள் சிரித்தாள். மகளைத் தன்னால் சிரிக்கவைக்க முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கை மெல்லத் தேறியது. நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு. மகள் போனில் கட்டை விரல் தூக்கிய பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள். அறுபத்தொன்று வாங்கிய அன்று அவர் குளித்துச் சட்டை மாற்றிப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. ஐந்து நாள் பொம்மை மட்டும்தான் வந்தது. அப்பா தேறிவிட்டார், இனி கவலையில்லை என்று நிம்மதியாக இருக்கிறாள் போலிருக்கிறது. நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் அந்த ஐந்து சாயங்காலமும் வீடு அவரைப் பிடித்துத் தின்றது.

ஆறாம் நாள் ஜலதோஷம், தலைபாரம். முப்பத்தெட்டு மார்க். பத்தே நிமிஷத்தில் போன் அடித்தது.

"அப்பா, என்னப்பா இது, சிவப்பு வந்திருக்கு! என்ன பண்ணுது உங்களுக்கு?"

அழுத பிள்ளைக்குத்தான் பால். இதைப் புரிந்துகொள்ள ஐம்பத்தெட்டு வயது எதற்கு, ஐந்து வயது போதும். கண்ணாடிக்காரர் அன்றைக்கே புரிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் தோற்க ஆரம்பித்தார். தோற்பது லேசு என்று நினைக்காதீர்கள். முப்பதுக்குக் கீழே போனால் பயிற்சிக்காரப் பெண் பயந்துபோய் மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிடுவாள். நாற்பதைத் தாண்டினால் மகள் கூப்பிட மாட்டாள். முப்பத்திநாலிலிருந்து முப்பத்தொன்பதுக்குள் நிற்க வேண்டும். தேவையான மீனை மளமளவென்று பிடித்து மார்க்கை எட்டியதும், மீதி மீன்கள் வரும்போது விரலை ஒரு நொடி தாமதமாகச் சேர்ப்பார். கிள்ளுவது போலக் கிள்ளி நழுவவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது, பாவி மனிதருக்கு! முப்பத்தெட்டு வேண்டுமென்றால் சொல்லிவைத்த மாதிரி முப்பத்தெட்டு எடுத்தார்.

ஆறு மணிக்கு மகள் வருவாள், குரலாக. பெட்டியைத் தொலைத்தவர்கள் தன்னைத் திட்டியதை அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டுவாள். ஒரு ஆள் செத்துப்போன தன் நாயின் கழுத்துப் பட்டையை மட்டும் பெட்டியில் வைத்துத் தொலைத்துவிட்டு அழுததைச் சொன்னாள். அரை மணி, முக்கால் மணி போவதே தெரியாது.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும். சனிக்கிழமை பயிற்சிக்காரப் பெண்ணிடம் போகும்போது அங்கேயும் நடிக்க வேண்டியிருந்தது. டம்ளரைப் பிடிக்கச் சொன்னால் நழுவவிட்டார். பட்டன் போடச் சொன்னால் விழித்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்குப் புரியலைங்க ஐயா. நல்லா ஏறிக்கிட்டு வந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. முதல் மூணு மாசம்தான் முக்கியம். இப்ப வர்றதுதான் வரும். வீட்டுல எல்லாத்துக்கும் இடது கையைக் கொடுக்குறீங்கள்ல?"

"கொடுக்குறேம்மா" என்றார். கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வலது கைதான். நாளையிலிருந்து ஒழுங்காகச் செய்வோம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தார். ஆறு மணி ஆனதும் மறந்தார். இப்படி ஆறு வாரம் ஓடியது.

அப்புறம்தான் கடை முதலாளி கூப்பிட்டார். கண்ணாடிக்காரரை விட வயதில் சின்னவர், தங்கமான மனுஷன். "அண்ணே, உங்க நாற்காலியில இன்னும் யாரையும் உக்கார விடலை. ஆனா பாருங்க, வேலை தேங்கிப்போச்சு. வர்ற திங்கக்கிழமை வந்து ஒரே ஒரு ஃபிரேம் மாட்டிக் காட்டுங்க, போதும். இல்லேன்னா வேற ஆளைப் பாக்குறதைத் தவிர எனக்கு வழி இல்லைண்ணே."

இவர் தைரியமாகத்தான் "வந்துடுறேன் தம்பி" என்றார். நடிப்பை நிறுத்தினால் கை தானாக வந்துவிடப்போகிறது. அன்று பகலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒருத்தனும் தப்பிக்க முடியாதுடா" என்று மீன்களுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்.

முதல் மீன் நழுவியது. இரண்டாவது மாட்டியது. மூன்றாவதும் நாலாவதும் நழுவின. விரல்கள் ஒரு நொடி தாமதமாகச் சேர்ந்தன. சீக்கிரம் சேர் என்று மனசு கத்துகிறது, விரல் தன் பாட்டுக்குத் தாமதிக்கிறது. ஆட்டம் முடிந்தபோது முப்பத்தாறு. மறுபடி விளையாடினார். முப்பத்திநாலு. வியர்த்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை விளையாடினார். முப்பத்தைந்து. ஆறு வாரமாக அவர் அந்தக் கைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாரோ அதைக் கை கற்றுக்கொண்டுவிட்டது. நழுவவிடக் கற்றுக்கொடுத்தார், அது நழுவவிட்டது. கைக்கு நடிப்பு எது நிஜம் எது என்று தெரியுமா என்ன?

கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். வலது கையால் இடது கையைப் பிடித்து உதறினார், அடித்தார். போன் அடித்தது. எந்தக் குரலுக்காக இவ்வளவும் செய்தாரோ, அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல அன்று அவருக்கு மனசு வரவில்லை. எட்டு முறை அடித்த பிறகு எடுத்தார்.

"அப்பா, மூணு சிவப்பு! ஒரே நாள்ல!"

"பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வேணும்னே தோத்துக்கிட்டு இருந்தேன். இத்தனை நாளா. நீ கூப்பிடணும்னுதான். இப்ப நிஜமாவே வரமாட்டேங்குது."



"தெரியும்ப்பா" என்றாள் மகள்.

"என்ன தெரியும்?"

"எந்த மீன் தப்பிச்சதுன்னு என் போன்ல கட்டம் கட்டமாக் காட்டும். நீங்க முதல்ல வர்றதை எல்லாம் பிடிச்சிட்டு அப்புறம் வரிசையா விடுறீங்க. கை முடியாதவங்க அப்படித் தோக்க மாட்டாங்க. நான் விளையாடியே வளந்தவ. வேணும்னே தோக்குறவனை எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. நல்லா விளையாட ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் எதைச் சொல்லி நான் கூப்பிடுறது? அம்மா இருந்தா எதையாவது பேசலாம். உங்ககிட்ட..." என்று இழுத்தாள். "இங்க பகல் பூரா ஊர்ப்பட்ட சனம் என்னைத் திட்டுதுப்பா. சாயங்காலம் ரூமுக்கு வந்தா, வாயைத் திறக்க ஒரு ஆள் கிடையாது. ஆறு மணிக்குச் சிவப்பு வருமான்னு நான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கை தானே, ரெண்டு வாரம் போனா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

கண்ணாடிக்காரருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உன் சாயங்காலத்துக்கு என் கையா கிடைத்தது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கொடுத்தது யார்? தன் கையை அவரேதானே தூக்கிக் கொடுத்தார்!

"நீ ஏன் சும்மா கூப்பிட்டிருக்கக் கூடாது?" என்றார் கடைசியில்.

"நீங்க ஏன்ப்பா கூப்பிடலை?"

அன்று முதன்முறையாக, பேசாமலேயே கால் மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சமிருந்த நாலு நாளும் அவர் ராட்சசன் மாதிரி பயிற்சி செய்தார். டம்ளர், பட்டன், சாவி எல்லாம் இடது கைக்கு. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் மாடு நிற்குமா? ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொன்று வந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போனார்.

முதலாளி நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். விளக்கைப் போட்டு, சாதாரண ஃபிரேம் ஒன்றைக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதன் மூட்டுப் பகுதியை இடது விரல்களுக்கு நடுவில் வைத்தார். விரல்கள் பிடித்தன. திருகாணியை வைத்து முடுக்கப் போன நேரம் விரல் தளர்ந்தது. திருகாணி துள்ளித் தரையில் போய் விழுந்தது. முதலாளி குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அவர் குனியும் முன்பே கண்ணாடிக்காரர் ஃபிரேமைத் துணியில் வைத்து விளக்கை அணைத்தார்.

"வேற ஆளைப் பாருங்க தம்பி" என்றார்.

"கவுண்டர்ல உக்காந்து பேசுற வேலை இருக்குண்ணே..." என்று முதலாளி இழுத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில். பகல் பதினொன்றரை மணி. மகள் வேலையில் இருப்பாள். அவர் போனை எடுத்தார். வாழ்க்கையில் ஒருமுறைகூட அவர் அந்த எண்ணைத் தானாக அழைத்ததில்லை. அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னப்பா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை பாப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மா கூப்பிட மாட்டீங்களே நீங்க. கடையில என்ன சொன்னாங்க? முடியலையா?"

"முடியலை."

பின்னால் யாரோ ஒரு ஆள் தன் பெட்டியைக் கேட்டுக் கத்துவது கேட்டது.

"அழுறீங்களாப்பா?"

"ஆமா" என்றார். தெருவில் நின்று அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு இல்லை. "நீ போய் வேலையைப் பாரும்மா. அங்க யாரோ கத்துறான்."

"கத்தட்டும்" என்றாள் மகள். "நீங்க பேசுங்க."

அவர் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இவர் முகத்தைப் பார்த்து, ஏறுகிறாரா இல்லையா என்று தெரியாமல் கொஞ்சம் காத்திருந்து, கதவை மூடிக்கொண்டு போனார். அப்புறம் வந்த பேருந்திலும் கண்ணாடிக்காரர் ஏறவில்லை.