அக்காவுக்கு வந்த முழு மதிப்பெண்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு நிறுவனத்தின் உள்சுற்று இதழுக்கு, இணையவழிப் பயிற்சியால் ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் என்னென்ன நன்மை என்று எழுதித் தரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். வேலையை நிறுத்தாமல் கற்கலாம். புரியாத இடத்தை யாரிடமும் போய் நிற்காமல் மறுபடி போட்டுப் பார்க்கலாம். பழைய ஆளுக்கும் புதிய ஆளுக்கும் ஒரே பாடம் போய்ச் சேரும். ஒன்றுகூடப் பொய்யில்லை. அடுத்த நன்மைக்கு வந்தேன்: "யார் எதைக் கற்றார் என்பது கணினியில் துல்லியமாகப் பதிவாகி

இந்த இடத்தில்தான் அக்கா குறுக்கே வந்து நின்றாள். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "சலவை ஆலையின் நீராவிக்குள் அவள் உருவம் மங்கலாக..." வேண்டாம். நீராவியில் ஆரம்பித்தால் வாசகருக்கு வேர்க்குமே தவிர, கதை நகராது.

இரண்டாவது: "அக்கா கெட்டவள் இல்லை." இதுவும் வேண்டாம். இப்படிச் சொன்ன மாத்திரத்தில் நீங்கள் அவளைக் கெட்டவள் என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலை. அக்கா அங்கே மேற்பார்வை. தங்கை இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறாள். இருவரும் ஒரே வீடு, ஒரே போன். பயிற்சி போனில்தான் வரும் என்று அறிவிப்பு வந்ததும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருஷம் இதிலேயே ஊறிப்போனவளுக்குப் போன் வந்து பாடம் எடுக்கிறதா என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டாள். அவள் பெயரில் தங்கையே எல்லாவற்றையும் தட்டி முடித்தாள்.

(ஆலையில் பயிற்சிக்குப் பெயரே "தட்டுறது"தான். திரையில் "அடுத்து" என்று ஒரு பொத்தான் வந்துகொண்டே இருக்கும். "நீ தட்டிட்டியா?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். படித்தாயா என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.)

ஆனால் தங்கை வெறுமனே தட்டவில்லை. உட்கார்ந்து கேட்டாள், புரியாததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பாடத்தின் முடிவில் வந்த தேர்வில் அக்காவுக்கு முழு மதிப்பெண்.

3

பிறகு அதே தேர்வைத் தன் பெயரில் எழுத வேண்டிய முறை. ஒரே போனிலிருந்து இரண்டு முழு மதிப்பெண் போனால் சந்தேகம் வருமே என்று பயந்து, வேண்டுமென்றே சிலவற்றைத் தப்பாகத் தொட்டாள். தேர்ச்சிக் கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கணக்குத் தப்பிப் போய்விட்டது. தங்கை ஃபெயில்.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல தங்கை எங்காவது உண்டா? இவளை இப்படி எழுதினால் எனக்கு வேலை சுலபம் என்பதால் எழுதுகிறேனா? (அக்காவும் அப்படித்தான் இவளைப் பயன்படுத்தினாள் என்று உடனே தோன்றியது. கொஞ்ச நேரம் எழுதாமல் எழுந்து போய்விட்டேன்.)

4

கணினி தன் கடமையைச் செய்தது. முழு மதிப்பெண் வாங்கியவரை, தவறியவருக்கு வழிகாட்டியாகப் போட்டது. அக்கா அதற்குள் ஆலை முழுக்க "டீச்சரம்மா" ஆகியிருந்தாள். பயிற்சி அதிகாரி தங்கமான மனிதர். தங்கைக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதிலும் தவறினால் வேலையில் வைத்துக்கொள்ள வழியில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். சாப்பாட்டு அறையில் எல்லாரும் பார்க்க, அக்கா தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடும் செய்தார்.

அக்காவுக்கோ பாடத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தங்கைதான் காப்பாற்றினாள். விளங்காதவள்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள், கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கேட்டாள். அக்கா "ஆமா, அதேதான்" என்று தலையாட்டினாள். இந்த மரமண்டையைத் தேற்ற டீச்சரம்மாவால்தான் முடியும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு கூனிக்குறுகிப் போனாள்.

5

வீட்டுக்கு வந்ததும், ஒரு தடவையாவது தானே எழுதிப் பார்த்துவிடுவது என்று அக்கா போனைத் திறந்தாள். "நீங்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். வாழ்த்துகள்!" என்று அது கதவைச் சாத்தியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. விடுவிடுவென்று தங்கையின் பெயரில் நுழைந்தாள். உனக்காக நான் எழுதுகிறேன், கணக்கு நேராகட்டும் என்றாள். தங்கை போனுக்குக் கை நீட்டினாள். ஆனால் அக்காவிடம் எதையும் பிடுங்கிப் பழக்கமில்லை.

கேள்விகள் ஓடின. ஒன்று வந்தது: துணிக்குள் கிடந்த ஊசி கையில் குத்திவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? அக்காவுக்கு உயிர் வந்தது. ஆலையில் அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பதாயிற்றே. "பிதுக்கி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும்" என்பதைத் தொடப் போனாள்.

"அது தப்புக்கா," என்றாள் தங்கை. "பிதுக்கவே கூடாது. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவணும். கழுவின கையோட டாக்டர்கிட்ட போகணும்."

அன்றைக்குப் பகலில்தான், துணி பிரிக்கும் மேசையில் ஒரு பெண்ணுக்கு ஊசி குத்தியது. அக்கா அவள் விரலைத் தானே பிடித்துப் பிதுக்கி, துணிக் கிழிசலைச் சுற்றி, ஒண்ணுமில்ல போ என்று மேசைக்கே திருப்பி அனுப்பியிருந்தாள்.

"நான் பிதுக்கினப்ப நீயும் அங்கதானே நின்ன?"

"நின்னேன்."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

தங்கை கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

"நீ டீச்சர். நான் ஃபெயிலானவ. நான் சொன்னா யாரு கேப்பாங்கக்கா?"

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அக்கா போனைத் தங்கையிடம் கொடுக்கிறாள், தங்கை தேறுகிறாள். அல்லது தனக்குத் தெரிந்ததையே தட்டி, தங்கையின் வேலையைக் காலி செய்கிறாள். அல்லது அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுகிறாள், அவர் மன்னித்து

இல்லை. எதை எழுதினாலும் கடைசியில் அக்காவின் மனப்பாரம்தான் இறங்குகிறது. விரலில் கிழிசலைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை, மூன்று முடிவிலும் நான் மறந்துபோயிருந்தேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

எந்த நோயாளியைக் குத்திய ஊசியோ, அவள் இப்போதே டாக்டரிடம் போயாக வேண்டும். யாராவது அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஏன், எதற்கு, டீச்சரம்மாதானே ஒன்றுமில்லை என்றார் என்று அவள் திருப்பிக் கேட்பாள். அதற்கான பதிலை அக்காவின் வாயில் நீங்களே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.