ஐஸ் தாங்காது

கட்டிலில் கிடந்த மாமனாரின் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து அவள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேனில் வந்த பாளங்கள். சாக்கில் சுற்றிக் கட்டையால் அடிக்க வேண்டும். ரொம்பப் பொடியானால் சீக்கிரம் தண்ணீராகிவிடும், பெரிசாக இருந்தால் உடம்போடு ஒட்டாது. இறால் கம்பெனியில் வருஷக்கணக்காக அவள் பார்த்த வேலை இதுதான். அக்குளில் ஒரு கை, இடுப்புக்கு இரண்டு பக்கமும், கழுத்துக்கு அடியில் கொஞ்சம். இறாலுக்குப் போடுகிற மாதிரியேதான் போட்டாள். வேறு மாதிரி போட அவளுக்குத் தெரியாது.

"கை விறைக்கலையா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"பழகிப்போச்சு. அந்த ஷீட்டை உன் பக்கமா இழு. தண்ணி வாசலுக்கு ஓடணும்."

பெரியவர் மதியம் செத்துப்போனார். வார்ப்புப் பட்டறையில் முப்பது வருஷம் மணல் இடித்தவர். அச்சுக்குப் போட்ட மணலில் பாதி நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. கடைசி இரண்டு வருஷம் ஒரு மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த மூச்சுக்கு அவசரம் வந்துவிடும். இன்று சாப்பாட்டுக்கு முன்னால் இருமினார். இருமல் நின்றது. அப்பாடா என்று எல்லோரும் தட்டைப் பார்க்கத் திரும்பினார்கள். மூச்சும் சேர்ந்து நின்றுபோனது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

மூத்தவன், அவள் புருஷன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதே பட்டறையில் உலையில் நிற்கிறவன். யார் வந்தாலும் எழுந்தான், தலையை ஆட்டினான், மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். அழவில்லை.

செத்தவரின் தம்பி செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். வீட்டுக்கு இப்போது அவர்தான் பெரிய தலை.

"குழிக்குச் சொல்லிட்டேன். காலைல எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கு, விட்டா பன்னெண்டு மணிக்கு. பொண்ணு பதினோரு மணிக்கு வந்து இறங்கிடும். அதனால பன்னெண்டுன்னே சொல்லிட்டேன்."

"அதான் சரி சித்தப்பா" என்றான் கொழுந்தன். "அக்கா வராம எப்படி?"

அவள் மடியில் போன் அதிர்ந்தது. பார்க்காமலே யார் என்று தெரிந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது.

"கிளம்பிட்டீங்களாம்மா?" என்றாள் நர்ஸ். கருத்தரிப்பு மையத்தில் அவர்களுடைய விஷயத்தைப் பார்த்துக்கொள்கிறவள். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு டோனர் பொண்ணுக்கு முட்டை எடுக்கறோம். சார் வந்து சாம்பிள் குடுக்கணும்."

"எங்க மாமனார் தவறிட்டாரு சிஸ்டர்."

"அடடா. எப்போ?"

"இன்னிக்குத்தான். ஒரு நாள் தள்ள முடியாதா?"

"எப்படிம்மா தள்றது? நேத்து ராத்திரியே அந்தப் பொண்ணுக்குக் கடைசி ஊசி போட்டாச்சு. நாளைக்கு எடுக்கலைன்னா தானா வெடிச்சு வீணாப் போயிடும். முட்டையை எடுத்து மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கலாம். ரெண்டு மணிக்குள்ள சார் வந்தாகணும்."

மையம் பெரிய ஊரில் இருந்தது. போக ஐந்து மணி நேரம். மாமனார் கண்ணை மூடியிருக்காவிட்டால் இந்நேரம் அவளும் புருஷனும் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்பெனி விஷயமாகப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இல்லைன்னா ஒண்ணு செய்யலாம்" என்றாள் நர்ஸ். "எடுத்து எல்லாத்தையும் உறைய வெச்சிடலாம், சார் நிதானமா வரட்டும். இல்ல, பங்குக்கு ஒரு ஜோடி ரொம்ப நாளா காத்திருக்காங்க. பாதியை அவங்களுக்குக் குடுத்துட்டு மீதியை உறைய வெக்கலாம். நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் கேக்கல."

சொன்னாள்தான். முதல் தடவை போனபோது மேஜையில் ஒரு படத்தை விரித்து வைத்து மூன்றையும் விளக்கினாள். புதுசாக எடுப்பது என்றால் ஒரு பெண்ணின் முட்டை மொத்தமும் இவர்களுக்கே, ஆனால் அவள் நாளும் இவள் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். பங்கு என்றால் ஒருத்தி முட்டை இரண்டு வீட்டுக்கு. உறைய வைத்தது என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உருக்கும்போது ஒன்றிரண்டு போகும்.

"உறைய வெச்சதே உங்களுக்குத் தோதும்மா. இப்பல்லாம் நல்லாவே தாங்குது" என்றாள் அன்றைக்கு.

உறைய வைத்ததைப் பற்றி அவளிடமா? உறைந்த இறாலை உருக்கினால் தண்ணீரை விட்டுவிட்டுச் சொங்கிப்போய்க் கிடக்கும். கம்பெனியில் வேலை செய்கிற எவளும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். இது அந்த மாதிரி இல்லை, கண்மூடித் திறக்கிற நேரத்தில் உறைய வைப்பது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். உலைச் சூட்டில் புருஷனுக்கு உயிரணு குறைந்துவிட்டது, உறைய வைத்தால் தாங்காது, அன்றன்றைக்குப் புதுசாகத்தான் தர வேண்டும் என்று டாக்டரே சொன்னாரே. "அவரோடது தாங்காதாம், அவளோடது மட்டும் தாங்குமாமா?" இரண்டும் வேறு வேறு என்று நர்ஸ் ஆரம்பித்தாள். அவள் காதில் ஏறவில்லை.

பங்கும் வேண்டாம் என்றாள். பிறந்ததிலிருந்து எல்லாம் பங்குதான். ஒரே குழாய், ஒரே கக்கூஸ், நடுவில் துணி கட்டிப் பிரித்த ஒரே அறை. தன்னுடைய முட்டை முப்பத்து நாலு வயசிலேயே தீர்ந்துபோய், யாரோ ஒருத்தியிடம் வாங்குகிறோம். இதாவது முழுசாக இருக்கட்டும்.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"புதுசாவே வேணும் சிஸ்டர். அவரைக் கூட்டிட்டு வந்துடறேன்."

உள்ளே போனாள். பெரியவர் வாய் லேசாகத் திறந்து கிடந்தார். தாடைக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். நல்ல குளிர். பாளம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. ராத்திரி ஒரு தடவை மாற்றிப் போட்டால் நாளைச் சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருப்பார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பன்னெண்டு வரைக்கும் தாங்காது" என்றாள்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என்னம்மா சொல்ற?" என்றார் சின்ன மாமனார்.

"ஐஸ் தாங்காது மாமா. நெஞ்சு பூரா சளி கட்டியிருந்த உடம்பு. வெயில் ஏறுறதுக்குள்ள உப்பிடும். அப்புறம் பெட்டியை மூட முடியாது."

"பொண்ணு வந்து பாக்க வேணாமா?"

"பாக்குற மாதிரி இருந்தா பாக்கலாம். எட்டு மணியே வெச்சுடுங்க."

ஐஸ் விஷயத்தில் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சின்ன மாமனார் மறுபடி செல்போனை எடுத்தார். சுவரில் சாய்ந்திருந்தவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவன் குனிந்து தரையில் ஓடிய தண்ணீரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

நாத்தனாரிடம் கொழுந்தன்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

"அண்ணி" என்றது போன். பின்னால் ரயில் சத்தம். "எப்படியாவது வெச்சிருங்க அண்ணி. இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கிப் போடுங்க. நான் ஒரு தடவை முகத்தைப் பாத்துடறேன். சண்டை போட்டுட்டு வந்தேன் அண்ணி, போன தடவை. பேசாமலே வந்துட்டேன்."

"போட்டுப் பாத்துட்டேன்மா."

"உங்களால முடியாதா? உங்க கம்பெனியில மாசக்கணக்கா வெப்பீங்களே?"

"அது பெட்டிக்குள்ள வெக்கிறதும்மா. இது வீடு."

நாத்தனார் அழுதாள். அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். வைத்துவிடலாம் என்று தோன்றவில்லை. அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும் கேட்டாள்.

காலையில் துணியை விலக்கியபோது முகம் அப்படியே இருந்தது. ஷேவ் பண்ணிவிட்ட மாதிரி பளிச்சென்று.

சின்ன மாமனார் குனிந்து பார்த்தார். "நேத்து மாதிரியேதானே இருக்காரு?"

"வெளியில தெரியாது மாமா."

அவர் நிமிர்ந்தார். பெட்டியில் வைத்தபோது தலைக்கு அடியிலிருந்து ஐஸ் துண்டு ஒன்று சறுக்கித் தரையில் விழுந்து சுவரோரமாய் ஓடியது. கோழிமுட்டை அளவுக்குக் கரையாமல் இருந்தது. அவள் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"உயிரோட இருந்தப்ப அப்பா எந்த இடத்துக்காவது நேரத்துக்குப் போயிருக்காரா?" என்றான் கொழுந்தன், பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "குழிக்கு மட்டும் முன்னாடியே போறாரு பாரு." பட்டறை ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே ஒருவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

எல்லாம் முடிய ஒன்பது ஆகவில்லை. அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம், டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் புருஷனை இடுகாட்டு வாசலிலிருந்தே வாடகைக் காரில் ஏற்றினாள். "அப்பன் மாதிரி இவனும் நெஞ்சைப் பிடிச்சுக்கப் போறான், நல்லாக் காட்டுங்க" என்று சின்ன மாமனார் கதவைச் சாத்தினார்.

பாதி வழியில் நாத்தனார் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் எதிரொலி கேட்டது.

"அண்ணி, அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"கட்டில் ஈரமா இருக்கு அண்ணி. அதுலதான் உக்காந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பா முகம் எப்படி இருந்துச்சு? ரொம்ப மாறிடுச்சா?"

அவள் வெளியே பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாறிவிட்டது என்று சொன்னால் இவள் ஆறிவிடுவாள்.

"இல்லம்மா. நல்லா இருந்துச்சு. தூங்குற மாதிரி."

"அப்படியா" என்றாள் நாத்தனார். பிறகு, "நல்லா இருந்துச்சா?" என்று இன்னொரு தடவை, வேறு குரலில்.

பக்கத்தில் அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை. போன் அந்தப் பக்கம் அணைந்தது.

மையத்தில் ஏ.சி.யின் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், சுவர் நிறையக் குழந்தைப் படங்கள். நர்ஸ் ஓடி வந்தாள். "நல்லவேளை வந்துட்டீங்க. பன்னெண்டு முட்டை கிடைச்சிருக்கும்மா. எல்லாமே நல்லா இருக்கு." மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை அவனிடம் கொடுத்து அறையைக் காட்டினாள். "அவசரம் இல்ல சார். கையை மட்டும் நல்லா சோப்பு போட்டுக் கழுவிக்குங்க."

அவன் உள்ளே போய்த் தாழ் போட்டான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக மாத்திரை விழுங்கி வயிறு கல் மாதிரி இருந்தது. கர்ப்பப்பை தயார் என்று போன வாரமே சொல்லியிருந்தார்கள். உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி விழுந்தது. நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

தாழ் திறந்தது. அவன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். மூடி திருகியபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நேற்றிலிருந்து இப்போதுதான் அழுதிருக்கிறான்.

"முடியல" என்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்க."

"எத்தனை தடவை கழுவுறது? போக மாட்டேங்குது." கையை நீட்டினான். உலைச் சூட்டில் காய்த்துப்போன விரல்கள். பத்து நகத்துக்கு அடியிலும் செம்மண். "இந்தக் கையாலதான அள்ளிப் போட்டேன். இதை வெச்சுக்கிட்டு எப்படி..."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நர்ஸ் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பரவாயில்லம்மா, இது நடக்குறதுதான். ஆனா லேப்ல கேக்கறாங்க. எல்லாத்தையும் உறைய வெச்சிடட்டுமா? அடுத்த மாசமோ அதுக்கடுத்த மாசமோ வாங்க. மொத்தமும் உங்களுக்குத்தான், யாரும் தொட மாட்டாங்க."

"அந்தப் பங்கு கேட்டவங்க இருக்காங்களா?"

"மாடியிலதான் இருக்காங்க. யாராவது வராமப் போனா கூப்பிடுவோம்னு காலைலேர்ந்து உக்காந்திருக்காங்க. ஏன்?"

"அவங்க வீட்டுக்காரரு?"

"அவரும்தான்."

அவள் சுவரைப் பார்த்தாள். யார் யாருடைய குழந்தைகளோ வாயில் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன.

"பாதி அவங்களுக்குக் குடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பங்கே வேணாம்னு நின்னீங்க. குடுத்தா குடுத்ததுதான். நீங்க பயப்படற மாதிரி இல்ல, உறைய வெச்சாலும் பெரும்பாலும் தாங்கிடும்."

"தாங்கும் சிஸ்டர்" என்றாள் அவள். "தெரியும். ஆனா எல்லாமே பெட்டிக்குள்ள போக வேணாம்."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். "அப்ப ஆறு அவங்களுக்கு, ஆறு உங்களுக்கு. கையெழுத்துப் போட உள்ள வாங்க."

"ஒரு நிமிஷம்."

மாடிப்படியில் நர்ஸின் செருப்புச் சத்தம் வேகமாக ஏறிப்போனது. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஊசியை மெதுவாக விட்டாள். கொஞ்சமாய் மண் வந்தது. கொட்டுவதற்கு இடம் தேடினாள். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தரை.

அவன் இன்னொரு கையில் பிடித்திருந்த டப்பாவை வாங்கி மூடியைத் திருகினாள். மண்ணை அதில் தட்டிவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.