கிருமியை வழியனுப்பியது

1996ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு நாள் காலை, கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மாசிலாமணியின் சிறுநீரகத்தில் குடியிருந்த மஞ்சள் காமாலைக் கிருமி வெளியே வந்து, வாசல் வரை நடந்துபோய், திரும்பி வந்து உள்ளே படுத்துக்கொண்டது. மத்தியானமும் அதையே செய்தது. அன்று தக்காளி விலை ஏறியிருந்ததால் மயிலாப்பூரில் நாங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

மாசிலாமணி நொச்சிக்குப்பத்து மீனவர். முந்தின நாள் காலை "வர்ட்டா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பியவரை சாந்தோமில் லாரி அடித்துவிட்டது. மூளை செத்துவிட்டது, இனி எழுந்திருக்க மாட்டார் என்று சொன்னபோது அவர் மனைவி பச்சையம்மா, யாருக்காவது உதவுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வருகிறேன் என்று சொன்ன மனுஷன் வராமல் போனதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

சிறுநீரகம் எங்கள் தெரு கணக்கு டீச்சர் விஜயலக்ஷ்மிக்கு. இரண்டு வருஷ டயாலிசிஸில் அவள் கையில் ஊசி குத்த நரம்பு மிச்சமில்லை. இதை விட்டால் இன்னொன்று கிடைக்கும்வரை தாங்க மாட்டாள். கிருமியோடு வைத்தால் ஈரல் போய்விடும். அதனால் டாக்டர் பத்ரிநாராயணன் சிறுநீரகத்தைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, அதற்குள் உப்புநீரை ஓடவிட்டுக் கழுவினார். கிருமி வெளியே வந்தது. கட்டைவிரல் உயரம், மஞ்சள் பனியன், கையில் செருப்பு. எங்களில் யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடியதைத்தான் டாக்டரும் செய்தார். வாசல் வரை கூடவே போய், "போயிட்டு வாங்கோ" என்றார்.

'போ' என்று மட்டும் சொல்ல எங்களுக்கு வராது. அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்போம், விளக்கு அணைந்தால் மலையேறிடுத்து என்போம். கொடுத்த கடனைக் கேட்டு வந்து கத்திவிட்டுப் போகிறவரைக்கூட கேட் வரை போய், போயிட்டு வாங்கோ என்று அனுப்பிவிட்டு, அவர் மறுநாள் வந்து நின்றால் ஆச்சரியப்படுவோம். இந்த நாக்கை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பியதுதான் வேடிக்கை.

மூன்றாம் முறை கிருமி திரும்பி வந்தபோது டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது. கிருமி மாசிலாமணியின் உடம்பில் பல வருஷம் இருந்ததால் குப்பத்துப் பாஷையில் பதில் சொன்னது.

"நீதானே சார் வரச் சொன்ன? சொல்லிட்டு இப்ப மொறைச்சா நான் இன்னா பண்றது?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு 'போ' என்று ஆரம்பித்தார். வழக்கம்போல மிச்சமும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நர்ஸும் எங்கள் பேட்டைதான்; அவளாலும் முடியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, சிறுநீரகம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கடைசியில் விஜயலக்ஷ்மியையே தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அவள் கிருமியை நேராகப் பார்த்தாள்.

"நீ போ. திரும்பி வராதே. இல்லேன்னா நான் போயிடுவேன்."

கிருமி செருப்பை மாட்டிக்கொண்டது. "போறேன்" என்றது, வரேன் என்று சொல்லவில்லை. நேராக அடையாற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீர் கிருமிக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி.

அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது. விஜயலக்ஷ்மி தேறினாள், பள்ளிக்கூடம் போனாள், பழையபடி பிள்ளைகளைக் குட்டினாள். ஒரே ஒரு சிக்கல். மாட வீதியில் காய்கறி வாங்கக் கிளம்பினால் கால் கடற்கரைப் பக்கம் திரும்பியது. வருஷக்கணக்கில் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வீடு திரும்பியவள், ஒருநாள் அலுத்துப்போய், காலை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். அது நொச்சிக்குப்பத்தில், மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியின் முன்னால் போய் நின்றது.

பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். மடிசார் கட்டிய மாமியின் முகத்தை அல்ல, இடுப்புக்குக் கீழே வலப்பக்கத்தை.

"வந்துட்டியா? இன்னாய்யா இவ்ளோ லேட்டு?"

யாரைக் கேட்கிறாள் என்று விஜயலக்ஷ்மிக்குப் புரிந்தது. அழுகை வந்தது. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"அலம்பி எடுக்க நாழியாயிடுத்து" என்றாள்.

பச்சையம்மா மீன் கூடையைத் தள்ளி வைத்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.